குளிரில் ஓட்டுவோர்க்கு

மார்கழி பிறந்து பத்து நாள்கள் ஆகின்றன. தடாவில் எம் வீட்டு வாயிலில் நாள்தோறும் கோலம் விழுகின்றது. எம் துணைவியார் இடும் கோலம் சிறியது. ஏழு புள்ளிக்கு மேற் போவதில்லை. அண்டை வீட்டுத் தெலுங்கு அம்மையாரோ தெருவை அடைத்துப் போடுகின்றார். எம் வீட்டுக் கோலம் ஏன் சிறுத்தது என்பதைப் பின்னர்க் கூறுவோம். அதற்கும் இக்கட்டுரைக்கும் தொடர்பு உண்டு.

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் ஆரம்பாக்கத்தை அடுத்து வரும் நிலையம் தடா. ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகின்றது. தடாவில் ஆந்திரம் தொடங்குகின்றது. முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கே பழவேற்காட்டு ஏரி. இந்நாள்களில் வடபுலத்து வாத்துகள் அங்கே கூட்டங்கூட்டமாக வந்திறங்கும். அவையும் நம்மைப் போல் புலம்பெயர்ந்தவையே. ஆனால் ஒரு வேறுபாடு. அவை குளிருக்கு அஞ்சி வெப்பம் நாடி வருகின்றன. நம்மில் பலர் வெப்பத்தை விட்டுக் குளிர் நாடிச் சென்றவர்கள். பறவைக்கு இறகு உண்டு. நமக்கு?

சென்ற வாரம் எம் அலுவலகத் தோழர் ஒருவரின் மகன் வீடு தேடி வந்தான். அவனுக்கு அம்பாலாப் பக்கம் வேலை கிடைத்திருக்கின்றது. யாம் பத்தாண்டுகள் அப்பகுதியில் இரயில்வே குமாஸ்தாவாக இருந்து, 2021-ஆம் ஆண்டில் பரஸ்பர மாற்றம் பெற்றுத் தடாவுக்கு வந்தவர்கள். ஆதலின் அந்நாட்டு நிலை அறிய எம்மிடம் வந்தான்.

"மாமா, அங்கே குளிர் அதிகமாமே? ஒரு சுவெட்டர் போதுமா? என் மோட்டார் சைக்கிளையும் இரயிலில் ஏற்றிக்கொண்டு போகிறேன்" என்றான்.

வண்டியைப் பார்சலில் ஏற்றுமுன் பெட்ரோலை முழுதும் வடித்துவிட வேண்டும், பதிவுப் புத்தகத்தின் படி ஒன்று வேண்டும் என்பனவற்றை முதலிற் கூறினோம். குமாஸ்தாவின் வாயில் அவைதாமே முதலில் வரும்! பின்னர் அவன் கேட்ட கேள்வியை எண்ணிப் பார்த்தோம். தடாவில் மார்கழி விடியலில் இருபது பாகை அளவில் இருந்தால், நாம் காதை மறைத்து மப்ளர் சுற்றிக்கொள்கின்றோம். அந்தக் குளிரைத்தான் அவன் அறிவான். யாமும் முதன்முதல் வடக்கே சென்றபோது அந்தக் குளிரையே அறிந்திருந்தோம். அவ்வறியாமைக்கு யாம் கொடுத்த விலை என்ன என்பதை அவனுக்குச் சொன்னோம். இத்திங்களிதழைப் படிக்கும் குடும்பங்களில் பல குளிர்நாடுகளில் இருப்பதால், உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

2011-ஆம் ஆண்டில் யாம் வேலைக்குச் சேர்ந்தோம். நிலையத்துக்கு அருகில் வாடகை மிகுதி. ஆதலின் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூரில் குடியிருந்தோம். காலை ஆறு மணிப் பணிக்கு ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். பழைய புல்லட் வண்டி ஒன்றை வாங்கினோம். அவ்வண்டியின் மீது எமக்கொரு பெருமிதம். 1955-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைத்து இந்தியாவில் உருவாக்கத் தொடங்கிய வண்டி அது. எல்லையைக் காக்கும் இராணுவத்துக்கென முதலில் வாங்கப்பட்டது. 'எம்மைப் போலவே தெற்கிற் பிறந்து வடக்கிற் குளிர் காயும் வண்டி' என்று நண்பர்களிடம் வேடிக்கையாகக் கூறுவோம்.

வண்டி குளிரைத் தாங்கிற்று. யாம்தாம் தாங்கவில்லை.

தைத் திங்களில் அப்பக்கம் விடியற்காலையில் ஐந்து பாகைக்கு இறங்கிவிடும். சில நாள் அதனினும் கீழே போகும். நின்றுகொண்டிருப்பவனுக்கு அது ஐந்து பாகைதான். ஓட்டுபவனுக்கோ அவ்வாறன்று. கனடாவும் அமெரிக்காவும் 2001-ஆம் ஆண்டில் வகுத்துக்கொண்ட ஒரு கணக்கு உண்டு. காற்றின் விரைவையும் குளிரையும் சேர்த்து, திறந்த தோலுக்கு அது எவ்வளவு குளிராகப் படும் என்பதைக் காட்டுவது. அக்கணக்கின்படி ஐந்து பாகைக் குளிரில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று முகத்தில் மோதினால், உறைநிலைக்கு இரண்டு பாகை கீழே இருப்பது போன்றதாகும். வெளியே காற்றே வீசாவிட்டாலும், ஓடும் வண்டி தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கின்றது அன்றோ!

யாம் செய்த தற்காப்பு இதுதான்: இரண்டு சட்டை, ஒரு சுவெட்டர், அவற்றிடையே நெஞ்சில் மடித்து வைத்த செய்தித்தாள். தமிழ்த் தாள் கிடைக்காத ஊராதலின் இந்தித் தாளே எம் மார்பைக் காத்தது. கைக்குப் பின்னல் கையுறை. அதன் கண்கள் வழியே காற்று ஊசியாய் நுழையும்.

எம்முடன் பணியாற்றிய பஞ்சாபிப் பெரியவர் ஒருவர், "மின்சாரத்தால் சூடேறும் மேலங்கி விற்கிறது, வண்டி மின்கலத்திலிருந்தே இயங்கும், வாங்கிக்கொள்" என்று இரண்டு குளிர்காலம் சொன்னார். விலையைக் கேட்டோம். ஒரு திங்கள் ஊதியத்திற் காற்பங்கு. சிரித்துவிட்டோம். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். தங்கைக்கு மணமாக வேண்டும். குமாஸ்தாவின் உடம்புக்கு இத்தனை சீராட்டா? குளிரைத் தாங்குவது ஆண்மை என்றும், அதற்குச் செலவழிப்பது ஆடம்பரம் என்றும் எண்ணினோம். இன்று இதை எழுதும்போது வெட்கமாக இருக்கின்றது.

2017-ஆம் ஆண்டு சனவரித் திங்கள். எமக்குத் திருமணமாகி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. துணைவியாரின் அன்னையார் சென்னையிலிருந்து இரயிலில் வருகின்றார் என்று, விடியுமுன் இருவரும் வண்டியில் புறப்பட்டோம். மூடுபனி இருந்தது, ஆனால் கண் தெரியாத அளவுக்கில்லை. மெல்லத்தான் ஓட்டினோம். பத்துக் கிலோமீட்டர் கடந்தபோது பக்கத்துப் பாதையிலிருந்து கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று விளக்கின்றிச் சாலையில் ஏறிற்று. யாம் அதைக் கண்டோம். நிற்பதற்கு இடம் இருந்தது. பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று உள்ளமும் உரைத்தது. விரல்கள் மடங்கவில்லை.

இதனை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். கண் தவறவில்லை, வண்டி தவறவில்லை, விரல் மரத்துப்போயிருந்தது. கைப்பிடியின் மேல் விரல்கள் இருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரிந்ததே யன்றி உணர்வுக்குத் தெரியவில்லை. கால் பிரேக்கை மட்டும் மிதித்தோம். ஈரச் சாலையில் பின் சக்கரம் சறுக்கிற்று. இருவரும் விழுந்தோம். எமக்குச் சிராய்ப்போடு போயிற்று. கையை ஊன்றி விழுந்த துணைவியாருக்கு வலக்கை மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

எலும்பு மருத்துவர் கட்டுப் போட்டுக்கொண்டே, "உங்கள் விரல் மரத்திருந்ததா?" என்று எம்மைப் பார்த்துக் கேட்டார். குற்றவாளி போல் தலையசைத்தோம். அவர் விளக்கியதை எம் தொழிலின் மொழியிற் கூறுகின்றோம்.

உடம்பு ஓர் இருப்புப்பாதை. நெஞ்சும் தலையும் மூலப்பாதை. கையும் காலும் கிளைப்பாதைகள். குளிர் மிகும்போது உடம்பு மூலப்பாதையைக் காக்கும் பொருட்டுக் கிளைப்பாதைகளில் போக்குவரத்தைக் குறைத்துவிடுகின்றது. விரல்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இது நோயன்று, உயிரைக் காக்க இயற்கை செய்த ஏற்பாடு. ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவனுக்கு உயிர் எங்கே இருக்கின்றது? நெஞ்சிலா? விரலிலன்றோ! பிரேக்கும் கிளச்சும் விரல்களிடமே உள்ளன.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். கையை மட்டும் போர்த்திப் பயனில்லை. நெஞ்சு குளிர்ந்தால் கைக்கு இரத்தம் வாராது. எத்துணைத் தடித்த கையுறையும், குளிர்ந்த விரலைக் குளிர்ந்தபடியே பாதுகாக்கும். நெஞ்சைச் சூடாக வைத்தால் கிளைப்பாதைகள் திறக்கும். மின்சூட்டு உடையின் தத்துவம் இவ்வளவே. கம்பளி, உடம்பிலுள்ள சூட்டை வெளியே விடாது பிடிக்கின்றது. புதிதாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. மின்சூட்டு அங்கியோ குறைந்துபோன சூட்டை ஈடுசெய்கின்றது.

இவ்வுடை நேற்று வந்த புதுமையன்று. இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்திற் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் இருந்தோர், விமானத்தின் மின்சாரத்தால் சூடேறும் உடைகளை அணிந்தனர். முதலில் வந்தவற்றில் கம்பி ஓரிடத்தில் அறுந்தால், திருவிழாவில் கட்டும் பழைய விளக்குச் சரம் போல் உடை முழுதும் அணைந்துபோகும். பின்னர் அக்குறையைத் திருத்தினர். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர்க்கு இதைக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இயந்திரப் பட்டறை நடத்திய கார்டன் கெர்பிங் என்பவர். 1970-களில் தம் பட்டறைக்குக் குளிரில் வண்டியோட்டி வரும் தொழிலாளரைக் கண்டே அவர் இம்முயற்சியில் இறங்கினார். இச்செய்தியை அறிந்தபோது எம் நெஞ்சம் நெகிழ்ந்தது. உல்லாசப் பயணிக்காக அன்று, வேலைக்குச் செல்பவனுக்காகப் பிறந்த உடை அது. அதைத்தான் யாம் ஆடம்பரம் என்று தள்ளினோம்.

விபத்து நிகழ்ந்த பத்தாம் நாள் கடைக்குச் சென்றோம். ஆனால் அவசரத்தில் மீண்டும் சிக்கனம் குறுக்கிட்டது. மலிவாகக் கிடைத்த மின்சூட்டுக் கையுறை ஒன்றை முதலில் வாங்கினோம். இரண்டாம் வாரமே இடக்கை சூடேறவில்லை. உள்ளே கம்பி விரல் மடியும் இடத்தில் ஒடிந்திருந்தது. பிறகுதான் அங்கியும் நல்ல கையுறையும் வாங்கினோம். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத் தவறு செய்து செய்தே கற்றோம். நீங்கள் அத்தவறுகளைச் செய்ய வேண்டியதில்லை.

முதலாவது, வண்டியின் மின்வலிமை. அங்கி ஏறத்தாழ 75 வாட் உண்ணும்; கையுறை இணை 25 வாட். ஆக நூறு வாட். பன்னிரண்டு வோல்ட் வண்டியில் இது எட்டு ஆம்பியருக்குச் சற்று மேல். முகப்பு விளக்கு மட்டுமே ஐம்பத்தைந்து அறுபது வாட் கொள்ளும். வண்டி ஓடும்போது அதன் மின்னாக்கி இவை யாவற்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். கொடுக்க இயலாவிட்டால் மின்கலத்திலிருந்து கடன் வாங்கும். எட்டு ஆம்பியர்-மணி மின்கலம் இக்கடனை ஒரு மணி நேரங்கூடத் தாங்காது. முதல் வாரம் நிலையத்தை அடைந்தபோது விளக்கு மங்கி, ஒலிப்பான் முனகிற்று. ஆதலின் உங்கள் வண்டியின் மின்னாக்கி எத்துணை வாட் தரும் என்பதைப் பழுதுபார்ப்பவரிடம் கேட்டறிந்த பின்னரே உடையை வாங்குங்கள். வண்டி நிற்கும்போது உடையை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, இணைப்பு. மின்கலத்திலிருந்து தனிக் கம்பி இழுத்து, அதன் தொடக்கத்திலேயே பத்து ஆம்பியர் பியூஸ் ஒன்று வைக்க வேண்டும். விளக்குக் கம்பியோடு ஒட்டுப்போடுதல் கூடாது. யாம் முதலில் பியூஸ் இன்றி இணைத்திருந்தோம். பழுதுபார்க்கும் சர்தார்ஜி அதைக் கண்டு, "மேலே அணிந்திருப்பது சட்டையா, அடுப்பா?" என்று கடிந்துகொண்டார்.

மூன்றாவது, அணியும் முறை. வெறும் உடம்பின்மேல் அணியலாகாது. மெல்லிய சட்டை ஒன்றின் மேல் அணிக. அதன்மேல் காற்றுப் புகாத மேலுறை கட்டாயம் வேண்டும். மேலுறை இல்லாவிட்டால், நாம் உண்டாக்கும் சூடெல்லாம் நெடுஞ்சாலைக்குத் தானம். அங்கி உடம்போடு ஒட்டியிருத்தல் வேண்டும். தொளதொளவென்றிருந்தால் பயன் குறையும். கையுறையும் காலணியும் இறுக்கமாயிருத்தல் ஆகாது. இறுக்கம் இரத்தத்தைத் தடுக்கும்.

நான்காவது, அளவு. குளிர் ஏறிய பின் போட்டுக்கொள்வதைவிடப் புறப்படும்போதே குறைந்த சூட்டில் வைப்பது நன்று. மிகுந்த சூடு வியர்வையை உண்டாக்கும். வியர்வை பின்னர்க் குளிரை உண்டாக்கும். தொட்டால் சுடாத சூடும், நெடுநேரம் ஓரிடத்திலேயே பட்டால் தோலைப் புண்ணாக்கும். 44, 45 பாகை வெப்பம் பல மணி நேரம் படின் அதுவே தீப்புண்ணாகும். நீரிழிவு உடையோர்க்குக் கையிலும் காலிலும் உணர்வு குறைந்திருக்கலாம். அவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றை அணிதல் கூடாது. எவரும் அணிந்தபடியே உறங்கலாகாது.

ஐந்தாவது, சிறிய செய்தி. ஆயினும் சிரிப்புக்கு இடமானது. வண்டியை விட்டு இறங்குமுன் கம்பியைக் கழற்றிவிடுங்கள். பணிக்கு நேரமாயிற்றென்று ஒரு நாள் யாம் கழற்றாமல் இறங்கி ஓடினோம். கட்டுத்தறியில் கன்றுக்குட்டி இழுபடுவது போல் வண்டி எம்மைப் பின்னுக்கு இழுத்தது. நிலையத்துச் சுமைத்தொழிலாளர் அனைவரும் கண்டு களித்தனர்.

வண்டியோடு இணையாமல் தனிச் சிறு மின்கலத்தில் இயங்கும் உடைகளும் உண்டு. குறுந்தொலைவுக்கு அவை போதும். மிகுந்த சூட்டில் வைத்தால் இரண்டொரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆதலின் நெடுவழிக்கு நம்பத் தகா. கைப்பிடியையே சூடாக்கும் கருவியும் உண்டு. அது உள்ளங்கையைச் சூடாக்கும். காற்று மோதுவதோ புறங்கையில். இவ்வளவு செலவு இயலாதவர்களும் வாளாவிருக்க வேண்டியதில்லை. கைப்பிடியின்மேல் மாட்டும் பெரிய உறைகள் வடநாட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பார்வைக்கு அழகில்லைதான், ஆனால் புறங்கையிற் காற்றுப் படாது. கழுத்தை மூடுங்கள். நெஞ்சில் செய்தித்தாளை வைப்பதும் நல்ல வழியே. அதை யாம் இகழவில்லை. அதனோடு நின்றுவிட்டதுதான் எம் பிழை. வழியில் அரைமணிக்கொரு முறை நின்று, விரல்களைப் பொத்தானில் வைத்துப் பாருங்கள். பொத்தானைக் கழற்றி மாட்ட இயலாத விரல் பிரேக்கையும் பிடிக்க இயலாது.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். மின்சூட்டு அங்கி குளிரைத் தடுக்கும், மூடுபனியை விலக்காது, ஈரச் சாலையைக் காய வைக்காது. உடம்பு கதகதப்பாயிருப்பதால் பொய்த்துணிவு பிறப்பதுண்டு. பத்தடிக்கு அப்பால் தெரியாத நாளில், எவ்வுடை அணிந்தவனும் பேருந்திற் செல்வதே அறிவு.

இனி எம் இல்லத்துக் கதைக்கு வருவோம். இருவரும் ஒரே வண்டியிற் செல்லும்போது இருவருக்கும் அங்கியும் கையுறையும் மாட்ட வண்டியின் மின்னாக்கிக்கு வலிமை இல்லை. என்ன செய்வது? கணக்குப் போட்டோம். அங்கியைத் துணைவியாருக்கு அணிவித்தோம். கையுறையை யாம் அணிந்துகொண்டோம். எம் நெஞ்சுக்குப் பழைய செய்தித்தாளும் புதிய மேலுறையும். பின்னால் அமர்ந்திருப்பவர்க்கு ஓட்டுபவரைப் போல் உடலசைவு இல்லை. அவருக்குக் குளிர் வேறு வகையில் ஏறுகின்றது என்பதை அதுவரை யாம் எண்ணியும் பார்த்ததில்லை. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பள்ளியிற் படித்துப் புகழ்ந்தவர்கள் நாம். குளிரில் நடுங்குகின்றதோ என்று ஒரு பறவைக்காக இரங்கினான் அவன். இரண்டு குளிர்காலம் எம் முதுகுக்குப் பின்னால் நடுங்கியவரை யாம் திரும்பிப் பார்க்கவில்லை. பேகனைப் புகழ எமக்கு என்ன தகுதி?

எலும்பு கூடிற்று. ஆனால் மணிக்கட்டு முன்போல் முழுதும் சுழலவில்லை. மாவை விரலிடை ஒழுகவிட்டுக் கையைச் சுழற்றிச் சுழற்றி இழைப்பதன்றோ கோலம்? ஏழு புள்ளிக்கு மேல் அவருக்குக் கை வலிக்கின்றது. மணமான புதிதில், வடநாட்டு வாயிலில் அவர் இட்ட பெருங்கோலத்தைக் காணத் தெருவே திரண்டதுண்டு. எம்மை அவர் ஒருநாளும் குறை கூறியதில்லை. கூறாமையே எமக்குப் பெரும் பாரம்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விபத்துக்குப் பின் மருத்துவச் செலவினால் இரண்டு திங்கள் ஊருக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. தந்தையாரிடம் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னோம். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நாங்கள் கேட்டது உன் பணத்தைத்தானே அப்பா? மருமகள் கையையா கேட்டோம்? குளிருக்குத் துணி வாங்க வேண்டும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்த மாதம் அனுப்பாதே என்று சொல்லியிருக்க மாட்டேனா?" என்றார். அங்கியின் விலை என்ன, மருத்துவத்துக்கு ஆனது என்ன என்று கணக்கிட்டுப் பார்க்கவும் எமக்கு மனம் வரவில்லை.

வெளியூரில் வாழும் நாம் அனைவரும் செய்யும் பிழை இது என்றே கருதுகின்றோம். ஊரார்க்கு அனுப்பும் தொகையைக் குறைக்க மனமில்லாமல் நம் உடம்பிற் குறைக்கின்றோம். அதனைத் தியாகம் என்று நாமே பெயரிட்டுக்கொள்கின்றோம். நம்மைப் பெற்றோர் அத்தியாகத்தைக் கேட்கவில்லை. அறிந்தால் ஒப்பவும் மாட்டார்கள். சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்? சுவர் இடிந்தபின் அனுப்புவதற்குச் சித்திரம் ஏது?

தடாவுக்கு வந்தபின் அங்கிக்கு வேலையில்லை. வேப்பிலை இட்டுப் பெட்டியில் வைத்தோம். ஒவ்வொரு போகியன்றும் பெட்டியைத் திறப்போம், இதை எதற்கு வைத்திருக்கின்றோம் என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்போம், மீண்டும் வைத்துவிடுவோம். நண்பர் மகன் வந்த அன்று அதனை வெளியே எடுத்தோம். ஆண்டுகள் பல ஆனதால் கம்பி அறாமல் இருக்கின்றதா என்று பார்க்க, திண்ணையில் ஒரு வண்டி மின்கலத்தை வைத்து இணைத்தோம். சில நொடிகளில் சூடேறிற்று. பிள்ளை அணிந்து பார்த்தான். தடாவின் குளிரில் இரண்டே நிமிடத்தில் வியர்த்துப்போய்ச் சிரித்தான்.

அவன் கழற்றிக் கொடுத்ததை எம் துணைவியார் கையில் வாங்கினார். இன்னும் இணைப்பு இருந்தது. மார்கழிக் காலையில் அவருக்கு மணிக்கட்டு சற்று வலிக்கும். அங்கியை மடிப்பவர் போல், வலக்கையை அதன் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு சிறிது நேரம் வாளா நின்றார். யாம் அதைக் கண்டோம்.

"வேண்டுமானால் நீயே வைத்துக்கொள், தம்பிக்கு வேறொன்று வாங்கித் தரலாம்" என்றோம்.

"எனக்கு வெந்நீர் ஒத்தடம் போதும். அங்கே ஓட்டப் போகிற பிள்ளைக்குக் கொடுங்கள்" என்றார். பிறகு அவனிடம் திரும்பி, "முதல் மாதச் சம்பளத்தில் நல்ல கையுறை வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் பணம் அனுப்புவது அதற்குப் பிறகுதான். உன் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.

"சரி, அத்தை" என்றான் அவன்.

அங்கி இப்போது அம்பாலாவுக்குப் பயணமாகிவிட்டது. அதனோடு ஒரு தாளில், மேலே எழுதிய ஐந்து குறிப்புகளையும் எழுதி வைத்திருக்கின்றோம். ஆறாவதாக 'விரல் மரத்தால் வண்டியை நிறுத்து' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கின்றோம்.

குளிர்நாட்டில் வண்டியோட்டும் அன்பர்களே! உங்கள் கை உங்களுடையது மட்டுமன்று. பின்னால் அமர்ந்திருப்பவரின் உயிர் அதில் இருக்கின்றது. ஊரில் காத்திருப்போரின் வாழ்வும் அதில் இருக்கின்றது. இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்போது அங்கே குளிர் முற்றியிருக்கும். அடுத்த திங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். யாம் அவ்வாறு எண்ணி இரண்டு குளிர்காலம் கழித்தோம். அதன் பயனை நாள்தோறும் காலையில், எம் வீட்டு வாயிலில் ஏழு புள்ளியிற் காண்கின்றோம்.